டாடா இன்ஸ்டிட்யூட்டில் பி.எஸ்சி.யா, பி.டெக்கா, அதில் எந்தப் பாடம்?

பெங்களூர்க்காரர்கள் இன்றைக்கும் டாடா இன்ஸ்டிட்யூட் என்றே சொல்லும் இந்திய அறிவியல் நிறுவனம், அதாவது ஐ.ஐ.எஸ்சி. பற்றி நம் தமிழ் வீடுகளில் இரண்டு விதமான பேச்சுதான் காதில் விழுகிறது. ஒன்று, "அது பிஎச்.டி. பண்றவங்க போற இடம், நமக்கு எதுக்கு?" இன்னொன்று, "ஐ.ஐ.டி. கிடைக்கலேன்னா அங்கே போட்டுப் பார்க்கலாம்." முதல் பேச்சு ஒரு காலத்தில் கிட்டத்தட்ட சரிதான். 1909ல் தொடங்கி 1911ல் முதல் மாணவர்களைச் சேர்த்த நிறுவனம், பள்ளிப் படிப்பு முடித்தவர்களை நேராக எடுக்க ஆரம்பித்தது 2011ல்தான். இரண்டாவது பேச்சு என்றைக்குமே சரியில்லை. ஐ.ஐ.டி.க்கு அடுத்த படி என்று நினைத்து உள்ளே போகிற பிள்ளைக்கு அந்த நான்கு வருடம் ரொம்ப நீளமாக இருக்கும். அங்கே நீங்கள் தேர்ந்தெடுப்பது முதலில் ஒரு பாடத்தை அல்ல, ஆராய்ச்சியோடு நான்கு வருடம் இருக்க முடியுமா என்பதைத்தான். பாடம் எது என்பது அதற்கு அப்புறம் வரும் கேள்வி.

இப்போது அங்கே இளநிலையில் இரண்டு பட்டங்கள் இருக்கின்றன. 2011லிருந்து நடக்கும் நான்கு வருடப் பட்டம், இப்போது பி.எஸ்சி. ரிசர்ச் என்ற பெயரில். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல், மெட்டீரியல்ஸ், புவி மற்றும் சுற்றுச்சூழல் அறிவியல் என்று ஆறு பாடங்களில் ஒன்றை இதில் மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக எடுக்கலாம். மற்றது 2022ல் தொடங்கிய கணிதமும் கம்ப்யூட்டிங்கும் சேர்ந்த பி.டெக். மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிக்கல் எல்லாம் அங்கே பெரிய துறைகளாக இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன, ஆனால் பிளஸ் டூ முடித்த கையோடு அவற்றில் பி.டெக். சேர முடியாது.

தகுதியில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. உயிரியல் மேஜர் எடுக்க வேண்டும் என்றாலும் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் இருந்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் கணிதம் இல்லாத பயாலஜி குரூப் எடுத்துவிட்டு, நீட் ஒத்துவரவில்லை என்றால் ஐ.ஐ.எஸ்சி.யில் உயிரியல் என்று திட்டம் போடும் பிள்ளைகளுக்கு இந்தக் கதவு திறக்காது. கர்நாடகா பி.யு.சி.யில் (அங்கத்திய பிளஸ் டூ) இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் சேர்ந்த பி.சி.எம்.பி. எடுத்தவர்களுக்குச் சிக்கல் இல்லை. உயிரியலுக்குப் பதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வரும் பி.சி.எம்.சி. எடுத்தவர்களும் தயங்க வேண்டாம், உயிரியலை அங்கே எல்லோருக்கும் சொல்லித்தருகிறார்கள். ஆகவே இந்த முடிவு உண்மையில் பத்தாம் வகுப்பு முடிந்து குரூப் எடுக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது.

நுழைவுத் தேர்வு விஷயத்தில் சீனியர் அண்ணன், அக்கா சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் காலத்தில் கே.வி.பி.ஒய். என்ற தேர்வு எழுதி உள்ளே போனவர்கள் நிறையப் பேர், அந்தத் தேர்வு 2022லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. பி.டெக்குக்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு மட்டும்தான். பி.எஸ்சி.க்கு எந்தெந்தத் தேர்வு மதிப்பெண்களை எடுத்துக்கொள்கிறார்கள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அந்த வருட அறிவிப்பை நிறுவனத்தின் தளத்திலேயே பாருங்கள், கோச்சிங் சென்டர் நோட்டீசில் அல்ல. அப்புறம் இது முக்கியம்: ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சீட்டுகளைப் பிரித்துக் கொடுக்கும் ஜோசா கவுன்சலிங்கில் ஐ.ஐ.எஸ்சி. வராது. இரண்டு பட்டங்களுக்குமே அவர்களுடைய தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ரிசல்ட் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தால் ரேங்க் கையில் இருக்கும், விண்ணப்பம் இருக்காது.

சரி, இரண்டில் எது?

நான் பிள்ளைகளிடம் முதலில் கேட்கும் கேள்வி இது: ஒரு கணக்குக்கு விடை வந்த பிறகு அதோடு விட்டுவிடுவாயா, இல்லை ஏன் அப்படி வந்தது என்று கொஞ்ச நேரம் குடைவாயா? விடை வந்ததும் அடுத்ததுக்குத் தாவுவது ஒன்றும் குறை இல்லை, ஜே.இ.இ. அதைத்தான் பழக்குகிறது, நல்ல இன்ஜினியர்கள் பலர் அப்படித்தான். ஆனால் பி.எஸ்சி. ரிசர்ச் குடைகிறவர்களுக்காக அமைக்கப்பட்ட படிப்பு. முதல் செமஸ்டர் கணிதத்திலேயே நிரூபணம் கேட்பார்கள். இரண்டு வருடம் ஷார்ட்கட்டில் இன்டெக்ரேஷன் போட்டுப் பழகிய கைக்கு, ஒரு தொடர் குவிகிறது என்று வரிக்கு வரி காரணம் சொல்லி எழுதுவது எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சல் சிலருக்கு ஒரு மாதத்தில் போதையாக மாறுகிறது, சிலருக்குக் கடைசி வரை எரிச்சலாகவே நிற்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே ஓரளவு தெரிந்துகொள்ளலாம், துறைகளின் தளங்களில் முதல் வருடப் பாடத்திட்டம் கிடைக்கிறது. அதில் ஒரு தலைப்பை எடுத்து ஒரு வாரம் நீங்களாகப் படித்துப் பாருங்கள். மார்க் இல்லாத அந்த ஒரு வாரம் எப்படிப் போனது என்பதே பாதி பதில்.

பி.டெக். பக்கம் யார் போகலாம் என்றால், கணிதமும் பிடிக்கும், அதைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு ஏதாவது செய்யவும் பிடிக்கும், ஆனால் டெஸ்ட் ட்யூபும் தவளையும் வேண்டவே வேண்டாம் என்கிறவர்கள். அல்காரிதம், நிகழ்தகவு, மெஷின் லேர்னிங் எல்லாம் கோட்பாட்டு ஆழத்தோடு வரும். சாதாரண கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.டெக். என்று நினைத்துப் போனால் கணிதத்தின் கனம் திணறடிக்கும். கட்டணமும் பி.எஸ்சி.யைவிட இதற்குப் பல மடங்கு அதிகம், வீட்டில் அதையும் பேசிவிடுங்கள். நிறைய பேர் பி.டெக். என்ற பெயருக்காக மட்டும் இதை முதல் விருப்பமாகப் போடுகிறார்கள். கல்யாண வீட்டில் "என்ன படிக்கிறே?" என்று கேட்கும் மாமாவுக்குச் சொல்ல வசதியாக இருக்கும், அவ்வளவுதான். பி.எஸ்சி. என்றால் "இன்ஜினியரிங் சீட் கிடைக்கலையாப்பா?" என்று அதே மாமா கேட்பார். அதற்குத் தயாராக இருங்கள், ஆனால் அதற்காகப் படிப்பை மாற்றாதீர்கள்.

ஆறில் எந்த மேஜர்?

பி.எஸ்சி. ரிசர்ச்சின் நல்ல குணம், முதல் நாளே பாடத்தை முடிவு செய்யச் சொல்வதில்லை. 2011ல் வகுத்த அமைப்பின்படி முதல் ஒன்றரை வருடம் எல்லோருக்கும் பொது: இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கும் உண்டு, கூடவே புரோகிராமிங், கொஞ்சம் பொறியியல், கொஞ்சம் ஹியூமானிட்டீஸ் எனும் கலைப் பாடங்கள். அதற்குப் பிறகுதான் மேஜர். கடைசி வருடத்தில் ஒரு ஆசிரியரின் ஆய்வகத்தில் ப்ராஜெக்ட், ஆய்வேடு. விரும்பினால் ஐந்தாவது வருடம் தொடர்ந்து முதுநிலைப் பட்டமும் வாங்கலாம்.

இந்த ஒன்றரை வருடத்தை வீணடிப்பவர்கள், சேரும்போதே "நான் பிசிக்ஸ்" என்று முத்திரை குத்திக்கொண்டு உயிரியல் வகுப்பில் பின் பெஞ்சில் தூங்குகிறவர்கள். ஜி.என். ராமச்சந்திரன் கதையை இவர்களுக்குச் சொல்ல வேண்டும். எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், 1942ல் இதே வளாகத்துக்கு எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிக்க வந்தார். கொஞ்ச நாளிலேயே சி.வி. ராமனின் இயற்பியல் துறைக்கு மாறினார். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையை நடத்திக்கொண்டே 1954ல் கொலாஜன் என்ற புரதத்தின் மூவிழை அமைப்பைச் சொன்னார், 1963ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து வெளியிட்ட வரைபடம் இன்றைக்கும் புரதங்களைப் படிக்கும் எல்லோர் மேஜையிலும் ராமச்சந்திரன் வரைபடம் என்ற பெயரில் இருக்கிறது. கடைசியில் 1971ல் திரும்ப ஐ.ஐ.எஸ்சி. வந்து மூலக்கூறு உயிர் இயற்பியலுக்கென்று ஒரு துறையையே தொடங்கினார். எலக்ட்ரிக்கல், இயற்பியல், உயிரியல், மூன்றையும் அவர் சேரும்போதே திட்டம் போட்டிருக்க முடியாது.

மேஜரை முடிவு செய்ய மார்க்கை மட்டும் பார்க்காதீர்கள். மூன்று செமஸ்டரில் எந்தப் பாடத்தின் அசைன்மென்டை நீங்கள் கெடு தேதிக்கு முன்னாலேயே எடுத்தீர்கள், எந்த லேபில் நேரம் போனது தெரியவில்லை, எந்த லேபில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள் என்று யோசியுங்கள். இயற்பியல் பிடிக்கும், ஆனால் லேசரை மணிக்கணக்காக ஒழுங்குபடுத்தப் பொறுமை இல்லை என்றால் கோட்பாட்டுப் பக்கம் இருக்கிறது. வேதியியல் அப்படியில்லை, பெரும்பாலும் ஆய்வக வாழ்க்கைதான், வாசனையும் கையுறையும் சேர்ந்தே வரும். உயிரியலில் ஒரு சோதனை தோற்றது என்று தெரியவே வாரக்கணக்கில் ஆகலாம். கணிதத்துக்கு ஒன்றும் வேண்டாம், ஒரு பேனாவும் தனிமையைத் தாங்கும் மனசும் போதும்.

எல்லோரும் கைவிடும் இரண்டு மேஜர்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசுகிறேன். மெட்டீரியல்ஸ், புவி மற்றும் சுற்றுச்சூழல். பள்ளியில் இந்தப் பெயரில் பாடமே இல்லாததால் பிள்ளைகளுக்கு அவை மனசில் ஏறுவதில்லை, அவ்வளவுதான் காரணம். பேட்டரி, சோலார் செல், விமான எஞ்சின் உலோகக் கலவை, செமிகண்டக்டர் என்று தினமும் செய்தியில் வருவதெல்லாம் மெட்டீரியல்ஸ். இயற்பியலும் வேதியியலும் ஒரே அளவு பிடித்து எதை விடுவது என்று தவிக்கிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பருவமழை ஏன் ஒரு வருடம் பொய்க்கிறது, இந்த ஊரில் போர்வெல் ஏன் வற்றுகிறது, நிலநடுக்கம், கார்பன் எல்லாம் மற்றதில். சூழலியலாளர் மாதவ் காட்கில் 1983ல் தொடங்கிய சூழலியல் மையமும், அது தவிர வளிமண்டல, கடல் அறிவியல் மையமும் இதே வளாகத்தில் இருப்பதால் பேசுவதற்கு ஆளுக்கும் பஞ்சமில்லை. என் கணிப்பில் ஆறில் நியாயமான கவனம் கிடைக்காதது இந்த இரண்டும்தான்.

முடிவுக்கு முன் போய்ப் பாருங்கள்

வருடத்துக்கு ஒரு நாள், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, ஓப்பன் டே என்று வளாகத்தை எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். கட்டணம் இல்லை. பெங்களூரில் இருந்துகொண்டு இதைத் தவறவிட்டால் சோம்பேறித்தனம்தான். டிரோன், ரோபோ, திரவ நைட்ரஜன் இருக்கும் இடத்தில் கூட்டம் அலைமோதும், அங்கே நேரத்தைக் கரைக்க வேண்டாம். கூட்டமில்லாத ஒரு லேபில் நுழைந்து, போஸ்டர் பக்கத்தில் நிற்கும் பிஎச்.டி. மாணவரிடம் பேச்சுக் கொடுங்கள். தமிழ் பேசுகிறவர் கிடைக்காமல் போகமாட்டார். "போன மாதம் முழுக்க என்ன செய்தீங்க?" என்று கேளுங்கள். என்ன சாதித்தீர்கள் என்று கேட்டால் போஸ்டரில் இருப்பதைச் சொல்வார், என்ன செய்தீர்கள் என்றால்தான் உண்மையான வேலை வெளியே வரும். அது உங்களுக்கு அலுப்பாகத் தோன்றுகிறதா, பொறாமையாக இருக்கிறதா என்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே தெரிந்துவிடும்.

ஊருக்குள் இருக்கும் மற்ற ஆய்வு நிறுவனங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே சதாசிவநகரில் ராமன் 1948ல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், ஜக்கூரில் ஜவஹர்லால் நேரு மையம், ஜி.கே.வி.கே. வளாகத்தில் உயிரியலுக்கான என்.சி.பி.எஸ்., கோரமங்களாவில் வானியற்பியல் நிறுவனம். கோடை விடுமுறை ப்ராஜெக்ட்டுக்கு விண்ணப்பிக்க இவ்வளவு இடம் ஒரே ஊரில் அமைவது அரிது.

வேலை என்ன கிடைக்கும் என்று அப்பா, அம்மா கேட்பது நியாயமான கேள்வி. பி.எஸ்சி. ரிசர்ச் முடித்ததும் கேம்பஸ் இன்டர்வியூவில் சாஃப்ட்வேர் சம்பளம் என்ற எதிர்பார்ப்போடு அனுப்ப வேண்டாம், பெரும்பாலானவர்களின் பாதை மேற்படிப்புதான். நான்கு வருடப் பட்டம் என்பதால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நேராக பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். இந்தியாவிலும் யு.ஜி.சி.யின் 2022 விதிகள், நான்கு வருட இளநிலையில் 75 சதவீதம் எடுத்தவர்களை எம்.எஸ்சி. இல்லாமலே பிஎச்.டி.யில் சேர அனுமதிக்கின்றன. வீட்டுப் பொருளாதாரம் இருபத்திரண்டு வயதில் சம்பளத்தை எதிர்பார்க்கிறது என்றால் அதை மறைக்காமல் பேசி, பி.டெக். பக்கமோ வேறு கல்லூரியோ பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கடைசியாக, ஒரே இடத்தை நம்பி இருக்காதீர்கள். கணிதம்தான் என்று உறுதியாக இருந்தால் மைசூர் ரோட்டில் இருக்கும் இந்தியப் புள்ளியியல் நிறுவனமான ஐ.எஸ்.ஐ.யின் கணிதப் பட்டம் பி.மேத், சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் சென்னை கணிதக் கழகமான சி.எம்.ஐ., இரண்டுக்கும் தனி நுழைவுத் தேர்வு, பொதுவாக மே மாதத்தில். அறிவியலில் பல பாடம் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் ஐசர் என்னும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள், இங்கிருந்து பக்கம் திருப்பதி. எல்லாவற்றுக்கும் கடைசித் தேதிகள் போர்டு தேர்வு சமயத்திலும் அதை ஒட்டியும்தான் வரும், அதனால் ஜனவரியிலேயே ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். விண்ணப்பம் போடும் வேலையை அப்பாவோ அம்மாவோ எடுத்துக்கொள்ளலாம், விருப்ப வரிசையை மட்டும் பிள்ளை தன் கையால் நிரப்பட்டும்.