கை நடுங்கும் முன்பே: பார்க்கின்சன் நோயின் தொடக்க அடையாளங்களைக் கண்டறிவது எப்படி?

பார்க்கின்சன் நோய் என்றதும் நடுங்கும் கைதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. லண்டன் மருத்துவரான ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்நோயை விவரித்து எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே நடுக்கம் இடம்பெற்றிருந்தது. தமிழில் வழங்கும் நடுக்குவாதம் என்ற பெயரும் அதையே முன்னிறுத்துகிறது. ஆனால் இந்நோய் உள்ள எல்லோருக்கும் கை நடுங்குவதில்லை. நடுங்குபவர்களிலும் பலருக்கு அதற்கு வெகுமுன்பே வேறு மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன. அம்மாற்றங்கள் பெரும்பாலும் நோயாளியைவிட உடன் வாழ்பவர் கண்ணிலேயே முதலில் படுகின்றன என்பதால், அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நடக்கும்போது கை வீசுவது, பேசும்போது முகபாவம் மாறுவது, கண் இமைப்பது போன்றவற்றை நாம் நினைத்துச் செய்வதில்லை. இவை சீராக நடைபெற டோபமின் என்னும் வேதிப்பொருள் மூளைக்குத் தேவை. அதைச் சுரக்கும் நரம்பணுக்களில் கணிசமான பங்கு அழிந்த பிறகே உடல் அசைவில் குறை வெளிப்படுகிறது. அப்படி வெளிப்படும்போது முதலில் சுருங்கிப்போவது, இவ்வாறு தாமாக நடந்துவந்த அசைவுகளே. ஆகவே தேட வேண்டியது நடுக்கத்தை மட்டுமல்ல, அசைவு மெதுவாவதையும் சிறிதாவதையும்தான்.

சட்டைப் பொத்தானைப் போடும் கையைப் பாருங்கள். வலிமை குறைந்திருக்காது, ஆனால் விரல்கள் பொத்தானைத் துளைக்குள் தள்ள வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொள்ளும், கடைசிப் பொத்தானுக்குள் சலித்துப்போகும். கையெழுத்து இன்னும் தெளிவான சான்று. ஒரு தாளில் நான்கைந்து வரிகள் எழுதச் சொல்லி, சில ஆண்டுகளுக்கு முன் அவரே எழுதியதோடு ஒப்பிடுங்கள். வரியின் தொடக்கத்தில் ஓரளவு பெரிதாக இருக்கும் எழுத்துகள், முடிவை நெருங்க நெருங்கச் சிறுத்து நெருக்கியடித்துக்கொண்டு நின்றால், அதைப் பொருட்படுத்த வேண்டும். அவர் நடக்கையில் ஒரு கை இயல்பாக வீச, மற்றொரு கை உடலோடு ஒட்டியபடி இருக்கிறதா என்றும் கவனியுங்கள். இந்நோய் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் தொடங்குகிறது. அந்தப் பக்கத்துத் தோளில் வலியும் இறுக்கமும் தோன்றி, தோள்மூட்டுக் கோளாறு என்று கருதி நெடுநாள் மருத்துவம் பார்த்துவிடுவதும் உண்டு.

மருத்துவர்கள் செய்யும் எளிய சோதனை ஒன்றை வீட்டிலும் செய்து பார்க்கலாம். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் இயன்றவரை அகல விரித்து, வேகமாகப் பத்து முறை தட்டச் சொல்லுங்கள். பிறகு மற்றொரு கையாலும் செய்யச் சொல்லுங்கள். தட்டத் தட்ட விரிப்பின் அகலம் குறைந்துகொண்டே போவதும் நடுநடுவே விரல் தயங்கி நிற்பதும், வெறும் மெதுவான தட்டலைவிட முக்கியமானவை. வயதானவர் மெதுவாகத் தட்டலாம். ஆனால் பொதுவாக இரு கையாலும் ஒரே அளவில் தட்டிக்கொண்டிருப்பார்.

நடுக்கம் இருந்தால், அது எப்போது வருகிறது என்பதே கேள்வி. கைகளை மடியில் தளர வைத்து, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்லச் சொல்லுங்கள். மனம் கணக்கில் இருக்கும்போது ஓய்ந்திருக்கும் கையில், மாத்திரை உருட்டுவது போன்ற நடுக்கம் எழுந்து, கை ஒரு வேலையைத் தொடங்கியதும் அடங்கினால் பார்க்கின்சன் நோயை எண்ண இடமுண்டு. மாறாக, குவளையைத் தூக்கும்போதோ எழுதும்போதோ இரு கைகளும் நடுங்குவது பெரும்பாலும் வேறு வகை நடுக்கம்.

அசைவோடு தொடர்பில்லாத அடையாளங்களும் உண்டு. வாசனை தெரியாமல் போவது, நீடித்த மலச்சிக்கல், காரணமின்றி வரும் மனச்சோர்வு ஆகியவை பல ஆண்டுகள் முன்பே தோன்றலாம். எனினும் இவை வேறு பல காரணங்களாலும் வருபவை என்பதால், இவற்றில் ஒன்றை மட்டும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் தனித்துச் சொல்வேன்: உறக்கத்தில் கனவுக்கு ஏற்பக் கத்துவது, கைகால்களை வீசி அடிப்பது, கட்டிலிலிருந்து விழுவது. அருகில் உறங்குபவரே அறியக்கூடிய இந்த அடையாளம் தனியாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லத் தக்கது.

குரல் தணிந்து, முகத்தில் உணர்ச்சி குறைந்திருப்பவரைப் பார்த்து, ‘ஏன் கோபமாக இருக்கிறாய்?’ என்று வீட்டார் கேட்பதுண்டு. அவர் கோபமாக இல்லாமலிருக்கலாம். முகத்தசைகளின் அசைவு குறைந்திருக்கலாம். இதை அறியாமல் அவரைக் கடிந்துகொள்வது எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

முடிவுக்கு வருமுன் மருந்துப் பட்டியலைப் பாருங்கள். வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடு, தலைச்சுற்றலுக்கான சின்னாரிசின், மனநோய்க்கான ஹாலோபெரிடால் முதலியவை இதே அடையாளங்களை உண்டாக்கக்கூடும். ஆனால் எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கை திடீரென்று செயலிழந்தாலோ வாய் கோணினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம்; காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நரம்பியல் மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது, எந்தப் பக்கத்தில் எப்போது தொடங்கியது என்ற குறிப்பையும், பழைய கையெழுத்தையும் புதிய கையெழுத்தையும், அவர் நடப்பதைக் கைபேசியில் எடுத்த காணொளியையும் கொண்டுசெல்லுங்கள். இந்நோயில் வழக்கமான எம்.ஆர்.ஐ. படம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்; அது முக்கியமாக மற்ற நோய்களை விலக்கவே உதவுகிறது. மருத்துவர் தம் கண்ணாலும் கையாலும் செய்யும் பரிசோதனையும் நீங்கள் சொல்லும் விவரங்களுமே நோயைக் கண்டறிய அடிப்படையாகின்றன.