மரவாளிக்கும் 4கே வேண்டுமா? ஸ்கைரிமில் மாட் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டில், ரிவர்வுட் ஊரின் சத்திரத்தில் கிடக்கும் மரவாளியை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். ஆட்டத்தை மாற்றியமைக்க ரசிகர்கள் செய்து தரும் கூடுதல் கோப்புகளுக்கு ‘மாட்’ என்று பெயர். அப்படிப் புதிதாகப் போட்ட 4கே டெக்ஸ்சரில், அதாவது பொருளின் மேல் போர்த்தும் படத்தில், மரம் நார் நாராகத் தெரிந்தது, இரும்புப் பட்டையில் துருகூட இருந்தது. அந்தப் பெருமிதத்தோடு கதவைத் திறந்து தெருவுக்கு வந்தால், ஊரே திக்கித் திக்கி நகர்ந்தது.

கணக்கைப் பிறகுதான் போட்டுப் பார்த்தேன். 4கே டெக்ஸ்சர் என்றால் 4096-க்கு 4096 புள்ளிகள். சுருக்கி வைத்தாலும், தொலைவில் காட்டுவதற்கான சிறிய பிரதிகளையும் சேர்த்து, ஒன்றுக்கு ஏறத்தாழ 21 எம்பி ஆகும். ஒரு பொருளுக்கு நிறத்துக்கு ஒன்று, மேடு பள்ளத்துக்கு ஒன்று என்று குறைந்தது இரண்டு வேண்டும். ஆக, ஒரு வாளிக்கு 42 எம்பி. 6 ஜிபி நினைவகம் உள்ள கிராபிக்ஸ் கார்டில் இப்படிப்பட்ட பொருட்கள் நூற்றைம்பதுகூட அடங்காது. அந்த வாளியோ 1080 திரையில் இருநூறு புள்ளி உயரத்தைத் தாண்டுவதில்லை. தொலைவில் சிறிய பிரதிதானே வரையப்படுகிறது என்று சமாதானம் சொல்ல முடியாது. வரைவது சிறியதாக இருந்தாலும், முழு டெக்ஸ்சரும் நினைவகத்தில் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கும்.

2கே என்றால் இதில் கால் பங்குதான். பாறை, மலை, தரை, நகரச் சுவர் ஆகியவற்றுக்கு 2கே தாராளம். தட்டு, வாளி, நாற்காலிக்கு 1கே போதும். 4கே-வை உங்கள் கவசத்துக்கும் முகத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து பார்த்து விளையாடுகிறவர்களுக்கு ஆட்டம் முழுக்கக் கண்ணெதிரே இருப்பது அந்தக் கவசம்தான்.

இரண்டாவது தவறு, வினாடிக்கு எத்தனை படங்கள் வரையப்படுகின்றன என்று மூலையில் காட்டும் ஃபிரேம் எண்ணை மட்டும் நம்புவது. ஒரு வினாடியில் 54 ஃபிரேம்கள் ஒழுங்காக 16.7 மில்லிவினாடி இடைவெளியில் வந்து, அடுத்த ஒன்று மட்டும் 100 மில்லிவினாடி எடுத்துக்கொண்டால், எண் 55 என்று காட்டும். பார்க்க நல்ல எண்தான், ஆனால் கண்ணுக்குத் தெரிவது ஒரு வெட்டு. நினைவகம் நிரம்பி வழியும்போது நடப்பது பெரும்பாலும் இதுதான். திரும்பிப் பார்க்கும் கணத்தில் வேண்டிய டெக்ஸ்சர் கார்டில் இருக்காது, கணினியின் பொது நினைவகத்திலிருந்து மெதுவாக வந்து சேரும். சராசரியை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஆகும் நேரத்தைக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். முள் முள்ளாக நின்றால் முதலில் டெக்ஸ்சர்களைச் சந்தேகிக்கலாம்.

எங்கே அடைப்பு என்று தெரியாமல் கையில் கிடைத்ததையெல்லாம் குறைப்பது இன்னொரு தவறு. வைட்ரன் நகருக்குள் எண் விழுகிறது என்று டெக்ஸ்சர்களை அடியோடு அகற்றிவிட்டு, ஒன்றுமே மாறவில்லை என்று புலம்புகிறவர்கள் உண்டு. நகரங்களில் பல சமயம் திணறுவது கிராபிக்ஸ் கார்டு அல்ல, ப்ராசசர். கூடை, விளக்கு, வேலி என்று ஒவ்வொன்றையும் வரையச் சொல்லி ஆணை அனுப்புவது அதன் வேலை. நிழல் விழும் பொருளென்றால் நிழலுக்காக இன்னொரு முறையும் அனுப்ப வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. திரைத் தெளிவை 720-க்கு இறக்கிப் பாருங்கள். எண் ஏறினால் சுமை கார்டின் மேல். அசையாமல் நின்றால் ப்ராசசரின் மேல். அப்போது நிழல் தூரத்தைக் குறையுங்கள், பொருட்களை அள்ளிக் கொட்டும் நகர மாட்களைக் கழற்றுங்கள்.

ஒளி, நிழல், நிறம் ஆகியவற்றை மெருகூட்டும் இஎன்பி என்ற மாட் இதற்கு நேர் எதிர். அது திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் வேலை செய்வதால் சுமை பெரும்பாலும் கார்டுக்கே. ஒரே அடியாக அழித்துவிடாதீர்கள். ஷிஃப்ட், எஃப்12 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அது அணையும், மீண்டும் அழுத்தினால் வரும். எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்று அங்கேயே தெரிந்துவிடும். ஷிஃப்ட், என்டர் அழுத்தினால் வரும் பட்டியலில் ஒவ்வொரு வசதியாக அணைத்துப் பார்க்கலாம். தொலைவு மங்கலை நான் முதலில் வெட்டினேன், இன்றுவரை அதைத் தேடியதில்லை.

புல் மாட்களும் கார்டை விழுங்கும். ஆட்டத்தின் அமைப்புகளை வைத்திருக்கும் ஐஎன்ஐ கோப்பில் ‘ஐமின்கிராஸ்சைஸ்’ என்ற அளவு இருக்கிறது. எண்ணைக் கூட்டினால் புல் அடர்த்தி குறையும். பெயரைப் பார்த்துவிட்டுப் புல்லின் உயரம் என்று நினைத்து எண்ணைக் குறைப்பவர்கள், காட்டை இரட்டிப்பாக்கிவிட்டுக் காரணம் தேடுகிறார்கள்.

பழைய குறிப்புகளிலும் கவனம் தேவை. 2011-இல் வந்த ஸ்கைரிம் 32 பிட். 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தைத் தொட முடியாது. 2016-இல் வந்த சிறப்புப் பதிப்பு 64 பிட். முதலாவதற்காக எழுதிய நினைவக வைத்தியங்கள் இரண்டாவதற்குப் பயன்படாது. பழைய பதிப்புக்கான முப்பரிமாண உருவக் கோப்புகளை மாற்றாமல் அப்படியே போட்டால் ஆட்டம் நின்றுபோகவும் கூடும்.

நல்ல கார்டு வைத்திருப்பவர்கள் 60 ஃபிரேம் வரம்பைக் கழற்றிவிடுவதும் உண்டு. இந்த ஆட்டத்தின் இயற்பியல் ஃபிரேம் வேகத்தோடு கட்டப்பட்டது. தொடக்கத்தில் கைதிகளை ஏற்றிவரும் குதிரைவண்டி குட்டிக்கரணம் போடுவதைப் பார்த்தால் காரணம் அதுதான். 60-இல் நிறுத்துங்கள், இல்லையேல் இயற்பியலைச் சரிசெய்யும் எஸ்எஸ்இ டிஸ்ப்ளே ட்வீக்ஸைப் போடுங்கள்.

ஐஎன்ஐ கோப்பில் ஒன்றை மட்டும் தொடவே வேண்டாம் என்பேன்: ‘யூகிரிட்ஸ்டுலோட்’. இயல்பான அளவு 5, அதாவது உங்களைச் சுற்றி 25 கட்டங்கள் முழுமையாக இயங்கும். 7 ஆக்கினால் 49. தொலைவு அழகாகும் என்ற ஆசையில் இதை மாற்றிச் சேமித்தால், பிறகு 5-க்கு இறக்கி அதே சேவ் கோப்பைத் திறக்கும்போது ஆட்டம் பெரும்பாலும் விழுந்துவிடும். தொலைவுக் காட்சிக்கு டின்டோலாட் என்ற தனிக் கருவி இருக்கிறது.

கடைசியாக, நாற்பது மாட்களை ஒரே இரவில் போடுவது. எது கெடுத்தது என்று பிறகு பிரம்மாவுக்கும் தெரியாது. ரிவர்வுட் பாலத்தருகே பகல் வெளிச்சத்தில் ஒரு சேவ், ரிஃப்டன் காட்டில் ஒரு சேவ், வைட்ரன் சந்தையில் ஒரு சேவ் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாட் போட்டதும் மூன்றிலும் அதே திசையில் அரை நிமிடம் நின்று, ஒரு சுற்றுச் சுற்றி, எண்ணைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். டெக்ஸ்சர் மாட் பிடிக்கவில்லையென்றால் பாதி விளையாட்டிலும் தயங்காமல் கழற்றலாம். ஸ்கிரிப்ட் உள்ள மாட் என்றால் அதைப் போடுவதற்கு முன் எடுத்த சேவுக்கே திரும்பிவிடுங்கள்.