கடல்தரை பூமிக்குள் இறங்குவதை எக்செல்லில் வரைந்து பார்ப்பது எப்படி

கடல்தரையோடு சேர்ந்த பாறைத் தட்டு பூமிக்கு உள்ளே போகிறது, உருகுகிறது, எரிமலையாக வெளியே வருகிறது. பள்ளியில் இப்படி ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரியில் இருக்கும் 'உருகுகிறது' தப்பு. இறங்கும் பாறை பல நூறு கிலோமீட்டர் ஆழம் வரை பெரும்பாலும் கெட்டியாகவேதான் போகிறது, நிலநடுக்கங்கள் எவ்வளவு ஆழத்தில் வருகின்றன என்று வரைந்து, அதை நீங்களே வீட்டில் உட்கார்ந்து காசு செலவில்லாமல் பார்த்துவிடலாம்.

முதலில் இடம். வடகிழக்கு ஜப்பானை எடுத்துக்கொள்வோம், படம் அங்கேதான் தெளிவாக விழும். பசிபிக் தட்டு வருடத்துக்கு 8, 9 செ.மீ. நகர்ந்து வந்து ஜப்பான் அகழி என்ற கடலடிப் பள்ளத்தில் உள்ளே இறங்குகிறது.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு அமைப்பான யு.எஸ்.ஜி.எஸ்.ஸின் தளத்தில் நிலநடுக்கப் பட்டியலைத் தேடும் பக்கத்தைத் திறங்கள். நிலநடுக்க அளவு (மேக்னிட்யூட்) 4.5க்கு மேல், 2000 ஜனவரி 1 முதல் இன்றுவரை என்று கொடுங்கள். எல்லை: வடக்கு 41, தெற்கு 38, மேற்கு 128, கிழக்கு 146. சி.எஸ்.வி. வடிவில் இறக்குங்கள். ஒரே தடவையில் 20,000 நிலநடுக்கங்களுக்கு மேல் தராது. தகராறு செய்தால் தேதியைக் குறுக்கிக்கொள்ளலாம்.

கோப்பில் ஏகப்பட்ட பத்திகள் இருக்கும், நமக்கு வேண்டியவை 2 மட்டும்: மூன்றாவது பத்தியில் தீர்க்கரேகை, நான்காவதில் ஆழம். பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் சேர்த்துத் தேர்வு செய்து ஸ்கேட்டர் சார்ட் (புள்ளி வரைபடம்) போடுங்கள். அப்புறம் செங்குத்து அச்சைத் தலைகீழாக்குங்கள், ஆழம் கீழே போகிற மாதிரி தெரிய வேண்டும் இல்லையா.

இப்போது பாருங்கள். வலது பக்கம், 142 முதல் 144 டிகிரிக்குள் மேலே பெரிய கும்பல், அதில் ஏராளமானவை 2011 மார்ச் 11 பெரும் நிலநடுக்கத்தின் பின்னதிர்வுகள். அங்கிருந்து மேற்கே ஒரு சரிவு இறங்கும். 141 டிகிரிக்குப் பக்கத்தில் சுமார் 100 கி.மீ., ஜப்பான் கடலுக்கு அடியில் 300 கி.மீ.க்கும் கீழே. அந்தச் சரிவுதான் இறங்கிக்கொண்டிருக்கும் தட்டு. (10, 33, 35 கி.மீ.யில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல் புள்ளிகள் வரிசையாக நின்றால் பயப்பட வேண்டாம். ஆழத்தைச் சரியாகக் கணிக்க முடியாதபோது அந்த எண்களைப் போட்டுவிடுவது வழக்கம்.) உருகிய பாறையில் நிலநடுக்கம் வராது. அவ்வளவு ஆழத்தில் புள்ளி விழுகிறது என்றாலே அங்கே சுற்றியிருப்பதைவிடக் குளிர்ந்த கெட்டிப் பாறை இருக்கிறது என்று பொருள். கியோ வடாட்டி என்ற ஜப்பானிய அறிஞர் 1920, 30களிலேயே இந்தச் சரிவைக் காகிதத்தில் கண்டுபிடித்துவிட்டார், பூமியின் மேலோடு நகரும் தட்டுகளால் ஆனது என்ற தட்டுக் கொள்கை வருவதற்கு முப்பது வருடம் முன்னால்! எனக்கு இன்றும் ஆச்சரியம் தீரவில்லை.

அடுத்து, 141 டிகிரியில் ஒரு குறி வையுங்கள். அது இவாத்தே எரிமலை. அதற்கு நேர் கீழே தட்டு சுமார் 100 கி.மீ. ஆழத்தில் இருக்கிறது. அந்த அழுத்தத்தில் கடல்தரைக் கனிமங்களுக்குள் சிறைப்பட்டிருந்த நீர் வெளியேறி, மேலே இருக்கும் சூடான மேன்டில் பாறைக்குள் (பூமியின் மேலோட்டுக்கு அடியில் உள்ள அடுக்கு) ஏறி, அதன் உருகுநிலையைக் குறைக்கிறது. உருகுவது முக்கியமாக அந்த மேல்பாறைதான். தட்டில் இருந்த பசால்ட் என்ற கருநிற எரிமலைப் பாறையோ எக்லோஜைட் என்ற அடர்ந்த பாறையாக மாறி இன்னும் கனத்து, பின்னால் வரும் தட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது.

சரி, ஒரு கணக்கு. அகழி 144, எரிமலை 141. இந்த அட்சத்தில் 1 டிகிரி சுமார் 86 கி.மீ. என்பதால் இடைவெளி 258 கி.மீ.; 100 கி.மீ. கீழே இறங்கும் சரிவையும் சேர்த்தால் 277. பத்து லட்சம் வருடத்துக்கு 85 கி.மீ. வேகம் என்றால், அகழியில் நுழைந்த கடல்தரை எரிமலைக்கு அடியில் வர 30 லட்சம் வருடத்துக்கு மேல் ஆகிறது.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தில் உண்டாகும் பெரிலியம்-10 மழையோடு கடல் சேற்றில் படிகிறது, அதன் அரை ஆயுள், அதாவது பாதி அழிய ஆகும் காலம், சுமார் 14 லட்சம் வருடம். நிகரகுவா எரிமலைக் குழம்பில் அது கிடைத்திருக்கிறது. கடலடிச் சேறு உள்ளே போய், அந்த பெரிலியம் அழிந்து தீர்வதற்குள் மேலே திரும்பி வந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டுமா?

இது கைவந்ததும் ஜாவாவுக்குப் போங்கள், 2004 சுனாமியை அனுப்பிய அதே நீண்ட அகழியின் தென்கிழக்குப் பகுதி அது. கிழக்கு 109 முதல் 112, தெற்கு 4 முதல் 11. தட்டு அங்கே வடக்கே இறங்குவதால் தீர்க்கரேகைக்குப் பதில் இரண்டாவது பத்தியில் உள்ள அட்சரேகையை வரையுங்கள். தென் அட்சங்களுக்கு முன்னால் கழித்தல் குறி போட மறக்காதீர்கள்.