தை, மாசிப் பனிக்காலத்தில் நிழல் விலங்குகள் செய்தல்

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். இலங்கை மலையகத்தின் நுவரெலியா, அம்பேவளைப் பக்கங்களில் ஜனவரி பிற்பகுதியிலும் பெப்ரவரியிலும் சில விடியல்களில் துகள் உறைபனி படிந்து புல்லும் தேயிலையும் வெளுத்துக் கிடக்கும். முகிலற்ற இரவில் நிலத்தின் வெப்பம் தடையின்றி மேலே போய்விடுவதால்தான் இப்படி நேர்கிறது. அதே முகிலின்மைதான், வெயில் ஏறியதும், கூரிய நிழலையும் தருகிறது. மூடுபனியும் தூறலும் பல மாதங்கள் நிழலையே விழவிடாத மலையகத்தில், முன்பள்ளியிலோ பிள்ளை மடுவத்திலோ (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) இருக்கும் சிறுவர்களுக்கு நிழல் விளையாட்டுகளைச் செய்து கொடுக்க இதுவே தக்க பருவம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பங்சடாவ்னி என்ற ஊரில், பெப்ரவரி 2ஆம் நாள் கிரவுண்ட்ஹாக் என்னும் பிராணி வளையிலிருந்து வெளியே வந்து தன் நிழலைக் கண்டால் குளிர் இன்னும் ஆறு வாரம் நீடிக்கும் என்று சொல்லி, 1887 முதல் விழா எடுக்கிறார்கள். அணில் குடும்பத்தைச் சேர்ந்த அந்தப் பிராணியை நம் பிள்ளைகள் கண்டதில்லை. ஆனால் இரவில் வந்து கிழங்குப் பாத்தியைத் தோண்டிவிட்டு வளைக்குத் திரும்பும் முள்ளம்பன்றியைப் பற்றி வீட்டில் கேட்டிருப்பார்கள். எனவே முதலில் அதையே செய்யலாம்.

கழுவிக் காயவைத்த யோகட் கோப்பையின் அடியில் பெரியவர் ஒருவர் ஆணியால் துளையிட்டு, கவ்வாத்து மலையில் (தேயிலைச் செடிகளை வெட்டிவிட்ட இடத்தில்) பொறுக்கிய நேரான மிலாறு, அதாவது மெல்லிய தேயிலைக் குச்சி ஒன்றை அதில் தாராளமாக ஏறி இறங்குமாறு செருக வேண்டும். பிஸ்கட் பெட்டி மட்டையில், கோப்பையின் வாயைவிட ஒரு விரல் அளவு குறுகலாக, முள்ளம்பன்றியின் உடலை இரண்டு பிரதிகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவை ஒரு கோப்பை தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துச் சிறு தீயில் கிண்டினால் போதிய பசை கிடைக்கும். ஒரு மட்டையில் பசையைத் தடவி, உலர்ந்த பைன் ஊசியிலைகளை முள்ளாக அடுக்கி, மிலாற்றின் நுனியை நடுவில் வைத்து, மற்ற மட்டையால் மூடி ஓர் இரவு காயவிட வேண்டும். ஊசியிலைகள் யாவும் மேல்நோக்கியே இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. கீழ்நோக்கி ஒட்டினால், முள்ளம்பன்றியை வளைக்குள் இழுக்கும்போது அவை கோப்பை விளிம்பில் மாட்டி ஒடிந்துவிடும். நான் முதலில் செய்த நான்கும் அப்படித்தான் வீணாயின. கூரிய நுனிகளையும் நறுக்கிவிடுவது நல்லது. காலையில் முற்றத்துக்குக் கொண்டுபோய்க் குச்சியை மேலே தள்ளி, நிழல் விழுகிறதா என்று பிள்ளைகளே பார்த்துச் சொல்லட்டும்.

இரவுக்கு உரியது, மட்டையில் வெட்டிய பாவைகளின் நிழலைத் திரையில் ஆட்டும் நிழற்கூத்து. வாசல் நிலையிலோ இரண்டு கதிரைகளுக்கு நடுவிலோ பழைய வெள்ளை வேட்டியைச் சுருக்கமின்றி இழுத்துக் கட்டினால் திரை தயார். ஒளிக்குப் பெரிய டோர்ச்சை விடக் கைப்பேசியின் சிறு விளக்கே மேல். ஒளி ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்டால்தான் நிழலின் ஓரம் கூர்மையாக இருக்கும். நீண்ட குழல் விளக்கின் முன் பாவையைப் பிடித்தால் மங்கல்தான் தெரியும். மெழுகுவர்த்தியோ குப்பி விளக்கோ வேண்டவே வேண்டாம். துணியும் மட்டையும் சிறு கைகளும் நெருங்கியிருக்கும் இடத்தில் தீ கூடாது.

முயல், மரை, குரங்கு, சேவல் என எந்த உருவத்தையும் பக்கவாட்டுத் தோற்றமாகவே வரைய வேண்டும். நேர்முகமாக வரைந்த முயல் நிழலில் உருளைக்கிழங்கு போலத்தான் தெரியும். காது, கொம்பு, வால் ஆகியவற்றைச் சற்று மிகைப்படுத்தலாம். மூன்று, நான்கு வயதினருக்குப் பெரியவர்களே வெட்டிக் கொடுத்து, துளையிடுவதையும் ஒட்டுவதையும் அவர்களிடம் விடலாம். தோற்பாவைகளில் அணிகலன்களை ஒளிரச் செய்வதற்காகத் துளையிடுவது போல, நம் பாவைக்கும் கண் இருக்கும் இடத்தில் ஒரு துளை போட்டால் அதற்கு உயிர் வந்துவிடும். சிறுத்தைக்குப் புள்ளிதோறும் துளையிட்டால் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது: காட்டுச் சிறுத்தைக்குக் கறுப்பாக இருக்கும் புள்ளிகள் திரையில் வெளிச்சமாக விழும். ஏன் என்று பிள்ளைகள் கேட்கும்வரை நாம் வாய்திறக்காமல் இருப்பது நலம். ஒளி ஊடுருவும் வண்ண டொபித் தாளைத் துளையின் மேல் ஒட்டினால் புள்ளிகளும் வண்ணம் பெறும்.

திரையிலிருந்து ஒரு மீற்றர் பின்னால் விளக்கை அசையாமல் வைத்து, பாவையைச் சரிநடுவில் பிடித்தால் நிழல் இரு மடங்காகும். விளக்கிலிருந்து 25 சென்றிமீற்றரில் பிடித்தால் நான்கு மடங்காகும். முயல் சிறுத்தையை விடப் பெரிதாகும் அந்தக் கணத்தில் எழும் கூச்சலை அடக்க முயல வேண்டாம். மாசியில் காமன் கூத்துத் தப்பொலி கேட்டு வளரும் பிள்ளைகள், தகர டப்பாவைத் தட்டித் தாமாகவே தாளம் சேர்த்துக்கொள்வார்கள்.

மட்டை தீர்ந்துவிட்டால் கை போதும். உள்ளங்கையைப் பக்கவாட்டில் நிறுத்திப் பெருவிரலை உயர்த்தினால் நாயின் காது. சுண்டுவிரலை இறக்கி ஏற்றினால் அது குரைக்கும்.

பகலில் செய்யத்தக்க இன்னொன்று, நிழலை வரைவது. செய்தித்தாளை முற்றத்தில் விரித்து, 10 சென்றிமீற்றர் உயரமுள்ள விலங்குப் பொம்மையை அதன் மேல் வைத்துப் பிள்ளைகள் நிழலின் ஓரத்தைக் கோடிட வேண்டும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை முன்னரே சொல்லிவிட வேண்டும். பெப்ரவரித் தொடக்கத்தில் காலை எட்டு மணி நிழல் பொம்மையைப் போல் இரண்டரை மடங்கு நீளும். கிழக்கே மலை மறைக்கும் தோட்டங்களில் வெயில் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். பன்னிரண்டரைக்குச் சற்று முன்னர் அது ஏறத்தாழ நாலரைச் சென்றிமீற்றராகக் குறுகி வடக்கு நோக்கி விழும். தாளில் தேதியையும் நேரத்தையும் குறித்து, பாவைகளோடு ஈரம் புகாத பிஸ்கட் தகரத்தில் பத்திரப்படுத்த வேண்டும். மாப்பசை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு வாரம் முன்னர், நண்பகல் 12 மணி கடந்து சில நிமிடங்களில், அதே பொம்மையை அதே தாளில் வைத்தால், சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்பதால், நிழல் முழுவதும் பொம்மையின் அடியில் ஒளிந்திருக்கும்.