செட்டிநாட்டிலிருந்து மலையேறப் போகிறீர்களா? பிரான்மலையில் தொடங்குங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று நம் பக்கம் எங்கே நின்று பார்த்தாலும் செம்மண்ணும் பொட்டலும் கண்மாயும் கருவேலங்காடும்தான். மலை என்றால் லீவுக்குக் கொடைக்கானல் போய் வேனைவிட்டு இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு வருவது என்றே வளர்ந்திருப்போம். அதனாலேயே நடந்து மலையேறும் ஆசை வந்ததும் நம் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் மேற்குத் தொடர்ச்சி மலையில் இரண்டு நாள் ட்ரெக்கிங் புக் பண்ணிவிடுகிறார்கள். வேண்டாம். முதலில் பிரான்மலை ஏறுங்கள். வெயிலைத் தாங்குவது, தண்ணீரைக் கணக்காகக் குடிப்பது, முழங்கால் நோகாமல் இறங்குவது எல்லாம் அங்கேயே பழகிவிடும். பெரிய மலைக்குப் போகும்போது குளிரையும் ராத்தங்கலையும் மட்டும் புதிதாகக் கற்றுக்கொண்டால் போதும்.

திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாகப் போனால் காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பாரி ஆண்ட பறம்புமலை இதுதான் என்று நம் பக்கம் காலங்காலமாகச் சொல்கிறோம். அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில், மேலே தர்கா. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,500 அடி. கேட்கச் சின்னதாகத் தெரியும், ஆனால் பெரும்பகுதி பாறை, நிழல் குறைவு, அதனால் ஏறுகிறவரை நன்றாகவே சோதிக்கும். மார்கழி, தை, மாசி தோதான மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பாறையில் பாசி பிடித்து வழுக்கும். கத்திரி வெயிலில் போகவே போகாதீர்கள்.

போவதற்கு ஒரு மாதம் முன்பே நடக்க ஆரம்பியுங்கள். ஊர்க் கண்மாய்க் கரையில் காலையில் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை குன்றக்குடிப் படிகளில் ஏறி இறங்கி ஏறி இறங்கி நாலைந்து முறை. ஏறுவதைவிட இறங்குவதுதான் பயிற்சி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் மூச்சுதான் வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறக்கத்தில் தொடைத் தசை ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எடையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது, பழகாத தசை மறுநாள் படுக்கவைத்துவிடும்.

ஷூவை சாயங்காலம் போய் வாங்குங்கள். பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். விரல் முன்னால் இடிக்காத அளவுக்கு இடம் இருக்கட்டும். புது ஷூவோடு மலைக்குப் போகக் கூடாது, இரண்டு வாரமாவது ஊருக்குள் போட்டு நடந்திருக்க வேண்டும். அப்புறம் லேஸ். ஏறும்போது கணுக்கால் பக்கம் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். இறங்கத் தொடங்கும் முன் ஒரு பாறையில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பின்னால் தள்ளி உட்காரவைத்துவிட்டு, மேல் இரண்டு கண்ணியையும் இறுக்கிக் கட்டுங்கள். இப்படிச் செய்தால் கால் முன்னால் சறுக்காது, கட்டைவிரல் நகம் கறுக்காது. நகத்தை இரண்டு நாள் முன்பே ஒட்ட வெட்டிவிடுங்கள். நடக்கும்போது குதிகாலில் எங்காவது சுரீரென்று சூடு தெரிந்தால் அடுத்த வளைவு வரட்டும் என்று தள்ளிப்போடாமல் அங்கேயே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள், கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பெரிய பயனில்லை. தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடந்துவிட்டு வந்த நகரத்தார் வீடு உங்களுக்குத் தெரிந்து இருந்தால் அங்கே போய்க் கேளுங்கள், பாதத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எந்த ஷூ கடைக்காரருக்கும் தெரியாது.

தண்ணீர் ஆளுக்குக் குறைந்தது 3 லிட்டர். மேலே கிடைக்கும் என்று யார் சொன்னாலும் நம்பிக் கிளம்பாதீர்கள். தாகம் எடுக்கக் காத்திருக்காமல் கால் மணிக்கு ஒருமுறை இரண்டு வாய் குடியுங்கள். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது, தலை வலிக்கும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஒரு பாட்டிலில் ஓஆர்எஸ் கலந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் 1 லிட்டர் தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கூட வருகிறவர் வெயிலில் நடந்துவந்து திடீரென்று உளறினாலோ தள்ளாடினாலோ அது வெயில் அடித்த அறிகுறி. நிழலில் படுக்கவைத்து, இருக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சாப்பாட்டுக்கு எனர்ஜி பார் எல்லாம் தேடி அலைய வேண்டாம். ஆச்சி கட்டித் தருகிற புளியோதரை, மாவுருண்டை, சீப்புச் சீடை, கடலை மிட்டாய். புளிச்சோறு மதியம் வரை கெடாது. மாவுருண்டையில் பயறும் சர்க்கரையும் நெய்யும் இருக்கிறது, மலைக்கு வேறென்ன வேண்டும்? கோழி வறுவலை இறங்கி வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம், காரம் தண்ணீரைத்தான் கேட்கும். மிச்சத்தைக் குரங்குக்குப் போடாதீர்கள், சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டும் நடக்காதீர்கள்.

நேரக் கணக்குக்கு ஒரு பழைய வழி உண்டு. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அது அவர்கள் ஊர்க் குளிருக்கு. நம் வெயிலுக்கும், புதிதாக ஏறுகிறவருக்கும் அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். பிரான்மலை அடிவாரத்தில் விடிகிற நேரத்துக்கு நின்றுவிட வேண்டும், ஏறும் முன் ஊர்க்காரர்களிடம் பாதையையும் கட்டுப்பாடு ஏதாவது உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பத்து மணிக்குப் பாறையில் கைவைத்துப் பாருங்கள், எடுத்துவிடுவீர்கள். அதற்குள் இறக்கத்தில் இருக்க வேண்டும்.

சரிவுப் பாறையில் எல்லோரும் பயந்து முன்விரலில் நடப்பார்கள், அதுதான் வழுக்கும். பாதம் முழுவதையும் பாறையில் பதித்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் மதியத்துக்கு மேல் இடி கேட்டால் உச்சியில் நிற்காதீர்கள், ஒற்றை மரத்தடியிலும் ஒதுங்காதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை உச்சிப் பக்கம் திரும்பக் கூடாது. பாறை இடுக்கில் மலைத்தேனீக் கூடு தெரிந்தால் கல்லெறிவது, பீடி பற்றவைப்பது, சென்ட் அடித்துக்கொண்டு போவது எதுவும் ஆகாது. கலைந்துவிட்டால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடுங்கள்.

பிரான்மலையை இரண்டு மூன்று முறை நோகாமல் ஏறி இறங்கிய பிறகு பெரிய மலைக்கு வாருங்கள். இங்கே முதல் வேலை அனுமதி. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் பதிவு செய்துகொண்டு வழிகாட்டியோடு போகும்படி ஏற்பாடு செய்தது. அதன் வழியாகவே போங்கள். தெரிந்த ஆள் கூட்டிப் போகிறார் என்று காட்டுக்குள் நுழைந்தால் வழக்கு வரும், தீ வந்தால் நீங்கள் உள்ளே இருப்பதே யாருக்கும் தெரியாது. மாசி முதல் காட்டுத்தீக் காலம், பாதைகளை மூடிவிடுவார்கள், மூடினால் மூடியதுதான். டென்ட் அடித்துத் தங்க ஆசை என்றால் அனுமதி உள்ள இடத்தில் மட்டும் தங்குங்கள்.

குளிரைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லி மாளாது. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும், 2,100 மீட்டரில் இருக்கிற கொடைக்கானல் காரைக்குடியைவிட 12 டிகிரிக்குக் குறையாமல் குளிரும். வியர்வையில் நனைந்த பருத்தி பனியனோடு உட்கார்ந்தால் உடம்புச் சூட்டை அது உறிஞ்சிவிடும். தங்குமிடம் போனதும் முதல் காரியமாக உலர்ந்த துணிக்கு மாறுங்கள், மாற்று உடையை பிளாஸ்டிக் உறையில் சுற்றி வையுங்கள். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும், அதனால் இரண்டு போர்வை கொண்டுபோவதைவிட ஒரு போர்வையும் கீழே விரிக்கக் கெட்டியான ஃபோம் பாயும் மேல்.

டென்டை ஓடைப் படுகையில் அடிக்காதீர்கள், தரை சமமாக மணலாக இருக்கிறதே என்று ஆசை காட்டும், மேலே பெய்த மழை ராத்திரி அதில்தான் இறங்கி வரும். தலைக்கு மேலே காய்ந்த கிளை இல்லாத இடம் பாருங்கள். காற்றுப்போக்கியை முழுதாக மூடினால் மூச்சு ஈரம் உள்ளே படிந்து விடியற்காலையில் சொட்டும், ஒரு பக்கம் திறந்து வையுங்கள். ராத்திரி வெளியே வந்தால் டார்ச் இல்லாமல் ஒரு அடி வைக்கக் கூடாது, ஷூவைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள், தேள் புகுந்திருக்கும். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், உறிஞ்சாமல், கடிபட்ட காலை அசையவிடாமல் ஆளைத் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

ஊருக்கு வந்ததும் டென்டை மடித்த மேனிக்குப் பரணில் போடாதீர்கள். வீட்டு வளவில் கயிறு கட்டி நிழலில் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுங்கள், ஈரத்தோடு வைத்தால் பூஞ்சை பிடித்து உள்பூச்சு உரிந்துபோகும், அடுத்த மழைக்கு ஒழுகும்.