உதவிக் கருவி வடிவமைப்பு: பொறியியல் மாணவர்களுக்கு ஒரு செய்முறை

மாற்றுத்திறனாளிகளுக்கான கருவியைத் திட்டப்பணியாக எடுக்கும் மாணவர்கள் பெரும்பாலும் சென்சாரை முதலில் வாங்கிவிட்டு, அது தீர்க்கக்கூடிய சிரமத்தைப் பிறகு தேடுகிறார்கள். இந்த வரிசையை மாற்றுவதே முதல் வேலை.

டெல்லி ஐஐடியில் 2005-இல் மாணவர் திட்டப்பணியாகத் தொடங்கிய, வெண்கோலில் பொருத்தும் ஸ்மார்ட்கேன் என்ற கருவி இதற்கு நல்ல பாடம். பார்வையற்றவர் கையிலுள்ள வெண்கோல் தரையில் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் தாழ்ந்த மரக்கிளையும், திறந்து கிடக்கும் ஜன்னல் கதவும், நிற்கும் லாரியின் பின்புறமும் மோதிய பிறகுதான் தெரியவரும். முழங்காலுக்கு மேலுள்ள தடைகளைக் காதுக்குக் கேட்காத மீயொலி அலைகளால் கண்டறிந்து கைப்பிடியில் அதிர்வாக உணர்த்துவதை மட்டுமே அக்கருவி தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. பழகிய கோலை அது பறிக்கவில்லை, அதன் மேல் பொருந்திக்கொண்டது; ஆகவே பேட்டரி தீர்ந்தாலும் கோல் கோலாகவே இருக்கும். ஒலிக்குப் பதில் அதிர்வு என்பதும் பொருத்தமான தேர்வு, ஏனெனில் சாலையைக் கடப்பவருக்குக் காதுதான் வழிகாட்டி.

இவ்வளவு கூர்மையாகச் சிக்கலை வரையறுக்க, பயனர்களோடு பணியாற்றும் ஓர் அமைப்பின் துணை தேவை. வடிவத்தை முடித்துவிட்டு ஒப்புதல் கேட்கச் செல்லாமல், வெறும் நோட்டுப்புத்தகத்தோடு செல்லுங்கள். ஒருவர் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை போகும்போது, அவர் அனுமதியுடன், உதவ முந்தாமல் உடன் நடந்து, எங்கே வேகம் குறைகிறது, எங்கே கோலின் பிடி மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்க்கும் பயிற்சியில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது பத்து நிமிட அச்சத்தைத் தருமே தவிர, இருபது ஆண்டுகள் பார்வையின்றி நடந்தவரின் திறமையைக் காட்டாது.

முதல் மாதிரியை அட்டையிலோ முப்பரிமாண அச்சிலோ விரைவாகச் செய்துவிடலாம். சோதனைக்குத்தான் பொறுமை வேண்டும். “எப்படி இருக்கிறது?” என்று நேரில் கேட்டால், “நல்லா இருக்கு தம்பி” என்ற பதிலே வரும், அது கருவிக்கான சான்றன்று, உங்கள் உழைப்புக்கான மரியாதை. இரண்டு வாரம் அவரிடமே கருவியை விட்டுவைத்து, திரும்பிச் சென்று, எந்தெந்த நாளில் அதை எடுக்காமல் வெளியே போனார், ஏன் என்று கேளுங்கள். கை அளவும் கோலைப் பிடிக்கும் விதமும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒருவரோடு நிறுத்திவிட வேண்டாம். நேரம் ஒதுக்கி உங்களுக்குக் கற்பிப்பவர்களுக்குப் பயணச் செலவும் மதிப்பூதியமும் தருவது கடமை.

கல்லூரிப் பருவம் முடிந்ததும் கருவியை யார் பழுது பார்ப்பார்கள் என்பதைத் தொடக்கத்திலேயே கூட்டாளி அமைப்போடு பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஸ்மார்ட்கேன் 2014-இல்தான் அறிமுகமானது. இடையில் ஒன்பது ஆண்டுகளும், பார்வையற்றவர்களுக்காகப் பணியாற்றும் சக்ஷம் அறக்கட்டளையின் துணையும், சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸின் உற்பத்தித் திறனும் தேவைப்பட்டன. உங்கள் நான்கு மாதத்தில் கருவி முடியாமல் போகலாம். அப்போது மின்சுற்றுப்படம், உதிரிபாகம் கிடைக்கும் கடை, தோற்றுப்போன மாதிரிகள், அவை தோற்ற காரணம் ஆகியவற்றை எழுதி, அடுத்த ஆண்டு மாணவர்களை அதே பயனர்களிடம் நேரில் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்திவிட்டு விடைபெறுங்கள்.