வால்பாறையில் புதிதாக கைடு வேலைக்கு வரும் தம்பிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வால்பாறையில் இப்போது வண்டி ஓட்டத் தெரிந்து, பத்துப் பறவைகளின் பெயரும் தெரிந்திருந்தால் போதும், அவர் கைடு. ஹோம்ஸ்டேக்கள் பெருகிவிட்டன. கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஊர்ப் பையன்களுக்கு ஒரு பிழைப்பு கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் புதிதாக இறங்கும் தம்பிகளைக் கவனித்தால், எங்கள் செட்டு ஆரம்பத்தில் அடித்த அதே கூத்தை வரிசை மாறாமல் அடிக்கிறார்கள். குப்பை போடாதே, கத்தாதே, குரங்குக்கு பிஸ்கட் கொடுக்காதே என்பதையெல்லாம் நான் இங்கே சொல்லப் போவதில்லை. அதற்குச் செக்போஸ்டிலேயே போர்டு வைத்திருக்கிறார்கள். போர்டில் இல்லாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

## புலிக்கு வாக்குக் கொடுப்பது

ஆனைமலை 2007ல் புலிகள் காப்பகம் ஆனது. அன்றிலிருந்து போர்டில் புலி இருக்கிறது. போர்டைப் பார்த்துவிட்டு வருகிறவர் புலியைக் கேட்கத்தான் செய்வார். "பார்க்கலாங்க சார், சான்ஸ் இருக்குதுங்க" என்று போனில் இழுப்பதில்தான் வம்பு ஆரம்பமாகிறது. கபினியிலோ பந்திப்பூரிலோ காடு திறந்து கிடக்கும், ஜீப் பாதையில் புலி நடந்து வரும். இங்கே இருப்பது மழைக்காடு. செடி அடர்த்தியில் பத்தடிக்கு அப்பால் என்ன நிற்கிறது என்றே தெரியாது. இல்லை என்பதை முன்பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அதற்குப் பதிலாக இங்கே என்ன உண்டு என்பதைச் சொல்லுங்கள். ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவது வளைவை ஒட்டி வரையாடு நிற்கும். நம் மாநில விலங்கு அது. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க எண்ணியதே 1,303தான். புலியை நினைத்துக்கொண்டு வருகிறவர் அந்த ஆட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலே ஏறிவிடுகிறார். அவரை அந்த நினைப்போடு அனுப்பி வைத்ததே நம் வாய்தான்.

## டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது

கிளம்பாதீர்கள். இட்லியைப் பார்சல் கட்டிக்கொண்டு விடியும்போதே புறப்படுங்கள்.

## கருமந்தியைக் காட்டிச் சிங்கவால் என்பது

இரண்டும் கறுப்பு. அவசரத்தில் டிரைவர்கள் எல்லாவற்றையும் சிங்கவால் குரங்கு என்று சொல்லிவிடுகிறார்கள். கெஸ்ட் ஊருக்குப் போய்ப் படத்தைப் போடுவார், யாராவது ஒருவர் "இது நீலகிரி கருமந்தி" என்று திருத்துவார், உங்கள் பெயர் போகும். முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரியும் வால் நுனியில் குஞ்சமும் இருந்தால்தான் சிங்கவால். கருமந்திக்குத் தலைமயிர் மங்கிய பழுப்பாக இருக்கும், வால் நீளமாகத் தொங்கும், நுனியில் குஞ்சம் கிடையாது. காட்டுக்குள்ளிருந்து "ஹூ ஹூ" என்று அடித்தொண்டையில் கேட்டால் அது கருமந்தி. அவ்வளவுதான் பாடம்.

## புதுத்தோட்டத்தில் நடுரோட்டில் பிரேக் அடிப்பது

புதுத்தோட்டம் சிங்கவால் குரங்குகள் மனிதருக்குப் பழகிப்போனவை. தேயிலைக்கு நடுவே துண்டாக நிற்கிற சின்னக் காடு அது. ரோடு ஓரத்திலேயே பார்த்துவிடலாம் என்பதால் புது கைடுகளுக்கு இது கைவசம் இருக்கும் கடைசிச் சீட்டு. குரங்கைக் கண்டதும் வளைவிலேயே வண்டியை நிறுத்திக் கதவைத் திறக்கிறார்கள். பின்னால் பஸ் ஹார்ன் அடிக்கிறது, குரங்கு மிரண்டு எதிர்ப்பக்கம் ஓடுகிறது, அங்கே இன்னொரு வண்டி வருகிறது.

இந்தக் குரங்கு மரத்துக்கு மரம் தாவியே வாழ வேண்டியது. ரோட்டுக்கு மேலே கிளைகள் தொடாததால்தான் கீழே இறங்குகிறது. அது இறங்காமல் கடக்கட்டும் என்றுதான் மேலே துணிப்பட்டையில் பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். வண்டியைத் தள்ளி, நேர்ப்பாதையில் ஓரம் கட்டுங்கள். எல்லோரும் ரோட்டின் ஒரே பக்கத்தில் நில்லுங்கள். கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம். பாலத்துக்கு நேர் கீழே நிற்க வேண்டாம். குட்டியைச் சுமந்த தாய் மேலே தயங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தால், அதன் பாதையை நீங்கள் மறித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

## இருவாச்சிக் கூட்டைக் காட்டுவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் சும்மா.

பெரிய இருவாச்சி என்கிற ஹார்ன்பில் பறவையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று கிலோ எடை, விரித்தால் ஐந்தடி தாண்டும் இறக்கை. தலைக்கு மேலே போகும்போது பழைய ரயில் இன்ஜின் மூச்சு விடுவதுபோல் சத்தம் கேட்கும். கேமரா வைத்திருப்பவர்கள் இதற்காகவே மலையேறுகிறார்கள். ஜனவரி பிப்ரவரி வந்தால் "கூடு எங்க இருக்குதுன்னு தெரியுமா?" என்பதுதான் முதல் கேள்வி. தெரியும் என்று சொல்வதில் தம்பிகளுக்கு ஒரு பெருமை.

அந்தக் கூட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். பெண் பறவை பெரிய மரத்தின் பொந்துக்குள் போய், எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். உள்ளே போனதும் பறக்கும் சிறகுகளையும் உதிர்த்துவிடும். ஏதாவது ஆபத்து என்றால் பறந்து தப்பவும் முடியாது. முட்டையை 40 நாள் அளவில் அடைகாக்க வேண்டும், அப்புறம் குஞ்சை வளர்க்க வேண்டும். இத்தனை நாளும் உள்ளே சாப்பாடு வருவது ஆண் பறவையால்தான். தொண்டை நிறைய அத்திப்பழத்தை அடைத்துக்கொண்டு வந்து, கீறல் பக்கத்தில் தொற்றிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டும். இவ்வளவு பாடுபட்டும் ஒரு கூட்டிலிருந்து பெரும்பாலும் ஒரே ஒரு குஞ்சுதான் வெளியே வரும்.

ஆண் பறவை லேசில் நம்பாது. மரத்தடியில் ஆள் நடமாட்டம் இருந்தால் கூட்டுக்கு வராது. தூரத்து மரத்தில் உட்கார்ந்து பார்க்கும், கொஞ்ச நேரம் பொறுக்கும், அப்புறம் போய்விடும். கீழே முக்காலி நட்டு லென்ஸ் மாட்டியிருப்பவருக்கு இது உறைக்காது. "என்னங்க, இன்னும் வரலையே, இன்னொரு மணி நேரம் பார்க்கலாமா?" என்பார். அவர் அங்கே நிற்பதால்தான் அது வரவில்லை. அந்த ஒரு மணி நேரமும் உள்ளே இருப்பது பட்டினி.

சில வருஷங்களுக்கு முன் ஒரு எஸ்டேட் ஓரத்தில் இப்படி ஒரு கூடு இருந்தது. கொழுந்து எடுக்கிற அம்மாக்களுக்குத் தெரியும், எங்களில் இரண்டு மூன்று பேருக்குத் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. தொழிலுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கூப்பிட்டுச் சொன்னேன், வேண்டாம்டா கண்ணு என்று.

"ஒரே ஒரு பார்ட்டிதாங்கண்ணா. டாக்டருங்க. பறவைன்னா உசுருங்க அவருக்கு."

அந்த டாக்டர் நல்ல மனிதர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படம் எடுத்தார், பறவை பார்க்கும் நண்பர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டார். இடத்தின் பெயர் போடவில்லை. ஆனால் படத்தின் ஓரத்தில் எஸ்டேட்டின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. இந்த ஊருக்கு இரண்டு முறை வந்தவனுக்கு அது போதும். அடுத்த சனிக்கிழமை அங்கே வரிசையாகக் கார். அதற்கடுத்த வாரம் ஒருவர் அரிவாள் வாங்கி, லென்ஸை மறைக்கிறது என்று குறுக்கே இருந்த கிளையைக் கழித்திருக்கிறார். நான் போனபோது ஆண் பறவை எதிரே சில்வர் ஓக்கில் உட்கார்ந்திருந்தது. தொண்டை புடைத்திருந்தது, பழம் இருக்கிறது. கீழே ஆறேழு பேர். அது கூட்டுப் பக்கமே வரவில்லை.

பிறகு ஒருநாள் வாசல் உடைந்து கிடந்தது. குஞ்சு வளர்ந்து வெளியே வந்ததா, பெண் பசி தாங்காமல் உடைத்ததா, பார்த்தவர் யாருமில்லை. அடுத்த சீசனில் அந்தப் பொந்துக்கு எந்த ஜோடியும் வரவில்லை. அதற்கடுத்த சீசனிலும்தான்.

இதில் எனக்கு இன்னமும் ஆறாதது அந்தப் பொந்து விஷயம். இருவாச்சிக்குப் பொந்து குடையத் தெரியாது. கிளை முறிந்த இடம் உளுத்து, தானாக உள்ளே குழிந்து, இவ்வளவு பெரிய பறவை நுழைய இடம் ஆக வேண்டுமென்றால் மரத்துக்கு எத்தனை வயது ஆக வேண்டும் என்று பாருங்கள். அதனால்தான் நல்ல பொந்து கிடைத்தால் வருஷா வருஷம் அதற்கே திரும்பி வரும். சுற்றிலும் தேயிலையாக இருக்கிற நம் ஊரில் அப்படிப்பட்ட மரம் எத்தனை மிச்சம்? எல்லையைத் தாண்டி வாழச்சால் காட்டில் காடர் பழங்குடி மக்கள் கேரள வனத்துறையோடு சேர்ந்து கூடுகளைக் காவல் காக்கிறார்கள். அவர்கள் அங்கே காக்க, நாம் இங்கே டிக்கெட் போடாத குறையாகக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, பறவைப் பாசம் இல்லாதவனுக்குக் காசுக் கணக்கிலேயே சொல்கிறேன். அந்தத் தம்பிக்கு அன்று கிடைத்தது ஒரு நாள் வாடகை, கொஞ்சம் டிப்ஸ். அடுத்தடுத்து வந்த கார்களில் ஒருவர்கூட அவனைக் கூப்பிடவில்லை. இடம் தெரிந்துவிட்டது, அப்புறம் கைடு எதற்கு? கூட்டைக் காட்டினால் கையில் இருக்கும் ஒரே சரக்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான்.

காட்ட வேண்டியது பழ மரம். அத்தி, ஆல், இத்தி இவற்றில் எது எங்கே பழுத்திருக்கிறது என்று வாராவாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எல்லா மரமும் ஒரே சமயத்தில் பழுக்காது. ஒன்று முடியும்போது இன்னொன்று தொடங்கும். எனவே இந்த நோட்டு வேறு யாரிடமும் இருக்காது, போன வருஷப் படத்தைப் பார்த்து யாரும் இந்த வருஷ மரத்தைக் கண்டுபிடிக்கவும் முடியாது. விடிந்ததும் போய், மரத்திலிருந்து நன்றாகத் தள்ளி, செடி மறைவில் உட்காருங்கள். பழத்தைப் பறித்து, அலகு நுனியில் வைத்து, மேலே தட்டி விட்டு விழுங்கும் வித்தையைக் கூட்டில் பார்க்கவே முடியாது. கண் சிவப்பாக இருந்தால் ஆண், வெளிறிய வெள்ளையாக இருந்தால் பெண் என்று கெஸ்ட்டே கண்டுபிடிப்பார். கூடவே மலை அணில், பச்சைப்புறா, குக்குறுவான் எல்லாம் அதே மரத்துக்கு வரும். இருவாச்சி வராத நாளில்கூட யாரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனதில்லை.

கெஸ்ட் அப்படியும் விடமாட்டார். "கூடு தெரியுமா, தெரியாதா?" என்று கேட்பார். தெரியாது என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. "தெரியுங்க, ஆனா காட்டறதில்லைங்க" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அதன் பிறகு உங்கள் மேல் மரியாதை கூடத்தான் செய்கிறது. மிச்ச ஆட்கள் வேறு கைடைத் தேடிப் போகட்டும். பொந்து காலியாக இருக்கிற மழை மாதங்களிலும் மரத்தைக் காட்டாதீர்கள். ஜனவரியில் அவர் தானாக வந்து நிற்பார்.

## சிவப்பு விளக்கைத் தேடிப் போவது

வால்பாறையைச் சுற்றி உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் யானை நின்றால் ஊர்க்காரர்களே போன் மூலம் எரியவிடுவார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கிறவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. யானையிடம் சிக்கி உயிர் போன ஊர் இது. அந்த விளக்கை யானை இருக்கும் இடத்துக்கு அடையாளமாக வைத்துக்கொண்டு, பார்ட்டியை ஏற்றிக்கொண்டு அங்கேயே வண்டியை விடுகிற தம்பிகளும் இருக்கிறார்கள். இதற்கு மேல் மரியாதையாக எழுத எனக்கு வராது.

ஒன்று மட்டும். தேயிலைச் சரிவில் யானைக்கு எதிரே இறங்கி நிற்காதீர்கள். செடிக்கு இடையே ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்கிற அளவுதான் வழி. உங்களால் ஓட முடியாது. யானைக்குச் செடி ஒரு தடையே இல்லை.

## போனில் பறவைக் குரல் போட்டுக் கூப்பிடுவது

கூடு வைக்கும் மாதங்களில் வேண்டாம். மற்ற மாதங்களில்? அப்போதும் வேண்டாம்.

## விலங்கு வராதபோது ஊமையாகிவிடுவது

மூடுபனி இறங்கினால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. அப்போது தம்பிகள் ஸ்டீரியோவைப் போட்டுவிடுகிறார்கள். ஊருக்குக் கதையா இல்லை? இதே ஆனைமலைக் காப்பகத்தில் இருக்கும் டாப்சிலிப்பில் மேலிருந்து தேக்கு மரங்களைக் கீழே சறுக்கி விட்டதால்தான் அந்த இடத்துக்கே அந்தப் பெயர். வெட்டித் தீர்த்த காட்டைத் திரும்ப வளர்க்க வந்த வனத்துறை அதிகாரி ஹியூகோ வுட், பை நிறையத் தேக்கு விதையோடு நடந்து, கைத்தடியால் குத்திக் குத்தி விதைத்தார் என்று சொல்வார்கள். அவரைப் புதைத்ததும் அங்கேதான். என் நினைவுச் சின்னத்தைத் தேடுகிறாயா, சுற்றிலும் பார் என்று கல்லறையில் லத்தீனில் எழுதியிருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு கெஸ்ட்டைச் சும்மா மரங்களைப் பார்க்க விடுங்கள். பத்து நிமிஷம் யாரும் புலி எங்கே என்று கேட்கமாட்டார்கள்.

## அட்டைக்கு உப்பு

உப்பைக் கொட்டினால் அட்டை விழும், கடிவாயும் சேர்ந்து எரியும். முழங்கால் வரை ஏறும் அட்டை சாக்ஸ் நாலு ஜோடி வண்டியில் வைத்திருங்கள். வாடகைக்குக் கொடுத்தாலும் தப்பில்லை. திரும்ப வாங்கும்போது உள்பக்கம் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.